வீட்டில் விட்டால் போதும் என்று நினைத்தேன்

சென்ட்ரல் ஸ்டேஷனில் ஓடிவந்த பிள்ளைகளுக்கான உதவி மேசையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பெயரை முதலில் கேட்கக் கூடாது, சாப்பிட்டாயா என்றுதான் கேட்க வேண்டும். அதுதான் அங்கே நான் கற்ற முதல் பாடம். முதல் நாள் சொல்லும் பெயரும் ஊரும் பெரும்பாலும் பொய்யாக இருக்கும். திருப்பி அனுப்பிவிடுவோமோ என்ற பயம்தான்.

2016-ல் ஒரு பையன். பன்னிரண்டு வயதிருக்கும். சட்டையைக் கழற்றி ரயில் பெட்டியின் தரையைத் துடைத்துவிட்டுக் காசு கேட்டுக்கொண்டிருந்தான். உற்றுப் பார்த்தால் அது பள்ளிச் சீருடைச் சட்டை. ஊர் வேலூர் என்றான். வேலூரில் எங்கே என்றால் வாயே திறக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும், நிறுத்தினோம். இல்லத்தில் தங்கவைக்கச் சொன்னார்கள். நான்கு நாள் அவனோடு கேரம் விளையாடினேன், வேறு எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி மொட்டைமாடியில் அவனாகவே, "எங்க ஊர் மலைமேல வெள்ளையா, உருண்டையா ஒரு கட்டடம் இருக்குதுக்கா. அதுக்குள்ள நட்சத்திரம் பாப்பாங்க" என்றான்.

காவலூர்! ஜவ்வாது மலையில் இருக்கிற வைனு பாப்பு வானியல் ஆய்வகம். அப்படியானால் ஆலங்காயம் பக்கம். திருப்பத்தூர் 2019-ல்தான் தனி மாவட்டம் ஆனது, அன்று அதெல்லாம் வேலூர் மாவட்டம். பாவம், பையன் பொய்யே சொல்லவில்லை.

அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தோம். மூன்றாவது பள்ளியில் அடையாளம் தெரிந்தது. அம்மாவுக்கு வாணியம்பாடியில் ஷூ கம்பெனி வேலை. அப்பா கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போனவர், பொங்கலுக்குத்தான் வருவார். அம்மா ஓடிவந்தார், கட்டிக்கொண்டு அழுதார். குழுவின் உத்தரவு கிடைத்ததும் நானும் கூடவே ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஜோலார்பேட்டை போய், பஸ் பிடித்து வீடு வரை விட்டுவிட்டு வந்தேன். பதிவேட்டில் 'குடும்பத்துடன் சேர்க்கப்பட்டார்' என்று எழுதினேன். எழுதும்போது அவ்வளவு சந்தோஷம்.

பத்தொன்பதாவது நாள் அவன் மறுபடியும் பிளாட்பாரத்தில் நின்றான்.

அப்போதுதான், ஏன் வந்தாய் என்று கேட்காமல், பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டேன். வகுப்பில் ஏதோ சண்டை. "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். கேரளாவில் இருக்கிற அப்பாவை எப்படிக் கூட்டிவருவான்? தினமும் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்குத் தெரிந்த அன்று ரயில் ஏறியிருக்கிறான். நான் கொண்டுபோய் விட்ட பிறகும் பள்ளி வாசலில் அதே வார்த்தை. நான் வீட்டுக்குப் போனேனே தவிர, பள்ளிக்குப் போகவில்லை. அது என் தப்பு. இன்றும் நினைத்தால் மனது கனக்கிறது.

இரண்டாம் முறை அம்மாவோடு பள்ளிக்குப் போனேன். ஒருநாள் லீவு என்றால் அவருக்கு ஒருநாள் சம்பளம் போகும், அதற்கும் சரி என்றார். "நாலு மாசமா வரலை, பேரை எடுத்தாச்சு" என்றார் தலைமையாசிரியர். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவைக் காட்டினேன். இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அவர் வாசித்தார், முகம் மாறவில்லை. பக்கத்தில் நின்ற பி.டி. சார்தான், "என் பொறுப்பு சார், காலையில் கிரவுண்டுக்கு வரச் சொல்றேன்" என்றார். ஒரு பெரியவர் தன்னைப் பொறுப்பெடுத்துக்கொண்டதைப் பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

எங்கள் மாத அறிக்கையில் எத்தனை பிள்ளைகளை வீட்டில் சேர்த்தோம் என்பதற்கு ஒரு கட்டம் இருந்தது. மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறார்கள் என்பதற்குக் கட்டமே இல்லை. அதன் பிறகு என் நோட்டில் நானே ஒரு கோடு போட்டு அந்தக் கட்டத்தைச் சேர்த்துக்கொண்டேன், மாதம் ஒருமுறை பள்ளிக்கே போன் செய்வேன். தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் நீங்கள் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், இலவசம்தான். ஆனால் கூப்பிட்டதும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை.

அடுத்த முறை அந்தப் பள்ளிக்குப் போனபோது வருகைப் பதிவேட்டைக் காட்டினார்கள். மற்ற பெயர்களெல்லாம் அகர வரிசையில் இருந்தன. அவன் பெயரை மட்டும் கடைசியில், வேறு மையில், 41 என்று எண் போட்டுச் சேர்த்திருந்தார்கள். அந்த மாதம் மூன்று நாள்தான் வரவில்லை. மூன்று நாளும் காய்ச்சலாம்.