ஆய்வேட்டு நாட்குறிப்பு: விலகி நின்ற ஐந்து நாடுகள்

ஜனவரி 14

‘ஐ.நா. பாதுகாப்பு அவையும் உலக அமைதியும்’ என்ற தலைப்பைப் பார்த்து நெறியாளர் சிரித்தார். “இதை எழுத ஆயுள் பத்தாது. ஒரே ஒரு வாக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.” சரி, லிபியா.

ஜனவரி 22

2011 மார்ச் 17, பாதுகாப்பு அவையின் 1973ஆம் எண் தீர்மானம். லிபிய வான்வெளியில் பறக்கத் தடை. பொதுமக்களைக் காக்க ‘தேவையான அனைத்து நடவடிக்கைகளும்’ எடுக்க அனுமதி. ஆதரவு 10, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. இந்தியா, சீனா, ரஷ்யா, ஜெர்மனி, பிரேசில் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் விலகி நின்றன. 9 வாக்குகள் போதும் என்பதால் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

சீனா, ரஷ்யா போன்ற நிரந்தர உறுப்பினர் விலகினால் அது வீட்டோ (தீர்மானத்தைத் தடுக்கும் வாக்கு) ஆகாது என்பது ஐ.நா. சாசனத்தின் 27ஆவது பிரிவில் எழுதியிருப்பதல்ல. நடைமுறையில் படிந்த வழக்கம். நமீபியா பற்றிய 1971ஆம் ஆண்டுக் கருத்துரையில் சர்வதேச நீதிமன்றமும் அதை ஏற்றது. அடிக்குறிப்பாகத் தொடங்கியது அரைப் பக்கத்துக்கு ஓடிவிட்டது.

பிப்ரவரி 3

அன்றைய கூட்டப் பதிவை, எஸ்/பிவி.6498, திரும்பத் திரும்பப் படிக்கிறேன். விலகல் ஒன்றுதான், காரணங்கள் வேறு வேறு. களநிலவரம் குறித்து நம்பகமான தகவல் குறைவு என்கிறது இந்தியா. தடையை யார், எப்படி, எந்த வரம்புக்குள் செயல்படுத்துவார்கள் என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை என்பது ரஷ்யாவின் குறை. சீனாவுக்குப் படைபலத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் அரபு லீக் கேட்டுக்கொண்டதைத் தட்டவும் மனமில்லை. மோதல் இன்னும் முற்றும் என்பது பிரேசிலின் கவலை. இவர்கள் நடுவே ஜெர்மனி! நேட்டோ கூட்டாளிகளான அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்ஸும் ஆதரித்ததை அது ஆதரிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பிப்ரவரி 19

எண்களை வைத்துச் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறான் வகுப்புத் தோழன். பொதுச்சபை வாக்குகளை ஆராய்பவர்கள் அதிகம் எடுக்கும் தரவுத்தொகுப்பில் ஆதரவு 1, விலகல் 2, எதிர்ப்பு 3. இந்தக் கணக்கில் பெர்லினும் பெய்ஜிங்கும் ஒரே ‘2’. இதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது?

மார்ச் 9

வரைவு வந்தது, ஓரம் முழுக்கப் பென்சில். ஒரு குறிப்பு மட்டும் உறுத்துகிறது: “ஆதரித்தவர்களை ஏன் சும்மா விட்டீர்கள்?” நியாயமான கேள்வி. 2011 மார்ச் 10 அன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதி, பாதுகாப்பு அவை வெளிநாட்டு இராணுவத் தலையீடு கூடாது என்றது. ஒரே வாரத்தில் தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, காபோன் மூன்றும் தீர்மானத்துக்குக் கைதூக்கின. அந்நிய ஆக்கிரமிப்புப் படைக்கு இடமில்லை என்று தீர்மானத்தின் 4ஆவது பத்தி சொல்வது அவர்களுக்குப் போதுமானதாக இருந்ததா? நான்காம் அத்தியாயம் இனி இதுதான். அப்புறம், முன்னுரையையும் மாற்ற வேண்டும்.