உதட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு எழுத்துகள்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் கணக்காளர் வேலைக்கான நேர்முகத் தேர்வு. தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறியின் இரைச்சலையும் என் கேட்கும் கருவி பேச்சோடு சேர்த்தே பெருக்கிக்கொண்டிருந்ததால், முதலாளியின் உதடுகளையே நம்பவேண்டியிருந்தது. பகரமும் மகரமும் உதடுகள் மூடிப் பிறப்பவை. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. “மணமாகிவிட்டதா?” என்று அவர் கேட்டதைப் பணம் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டு, “இரண்டு வருடம் காசாளராக இருந்தேன், ஐயா” என்றேன். அவர் சிரித்தார். (கணக்கெழுத அந்தக் கேள்வி எதற்கென்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.) வேலை கிடைக்கவில்லை. வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அரச துறைக்கானது. கடைக்காரரிடம் அதைக் காட்டிப் பயனில்லை. இப்போதெல்லாம் உள்ளே போனதும், மின்விசிறியை நிறுத்தமுடியுமா என்று கேட்டுவிட்டு, கொப்பியையும் பேனையையும் மேசையில் வைத்துவிடுகிறேன்.