மாலத்தீவுக்கு மூட்டை கட்டும் முன்

திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலேக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் சென்னை போவதைவிடச் சீக்கிரம் போய்விடலாம். அதனாலேயே பலர் பக்கத்திலிருக்கும் திற்பரப்பு அருவிக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி, விமான நிலையக் கவுன்டரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம்மவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். டிக்கெட் போட்டவர் பழக்கத்தில் இனிஷியலை மட்டும் அடித்திருப்பார். டிக்கெட் வந்த அன்றே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால், டிக்கெட்டில் அதை எப்படி நிரப்புவது என்று விமான நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்தியர்கள் விசாவை முன்கூட்டி எடுக்க வேண்டாம். திரும்பி வரும் டிக்கெட்டும் அறை பதிவும் தாளில் இருக்கட்டும். விமானம் இறங்குவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஆளுக்கு ஒன்று, கைக்குழந்தைக்கும் தனியாக. திரும்பும்போதும் இன்னொரு முறை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள்.

செலவுக் கணக்கில் ஏமாறுவது வரியில். 100 டாலர் அறை என்று போட்டிருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணம், அதன்மேல் 17 சதவீத சுற்றுலா வரி சேர்ந்து 128 டாலர் 70 சென்ட் ஆகும். போதாததற்குப் பசுமை வரி: மக்கள் வாழும் தீவிலுள்ள சிறு விருந்தினர் இல்லத்தில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. நான்கு பேர் நான்கு இரவு தங்கினால் சின்ன இடத்திலேயே 96 டாலர். இணையத்தில் காட்டும் விலையில் இவை அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டாலரைச் சில்லறை நோட்டாக, கிழிசல் இல்லாமல் மாற்றிக்கொள்வது நல்லது.

அதிகம் யோசிக்க வேண்டியது கடல் பயணம். விமான நிலையம் ஒரு தீவு. தங்குமிடம் வேறு தீவு. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். அரசுப் படகு மலிவு, ஆனால் பல தடங்களில் வெள்ளிக்கிழமை ஓடாது. ஆகவே விமானம் இறங்கும் கிழமையையும் நேரத்தையும் விடுதிக்குச் சொல்லி, படகு உறுதியான பிறகே டிக்கெட் போடுங்கள். அங்கே கடிகாரம் நமக்கு அரை மணி பின்னால். மே முதல் அக்டோபர் வரை நம் கடலைப் புரட்டும் அதே தென்மேற்குப் பருவம்தான் அங்கேயும். ஆனி ஆடியில் குளச்சல் கடலைப் பார்த்தவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டாம். ஸ்பீடு போட்டில் முன்பக்கம் அலைமேல் எழும்பி எழும்பி அடிக்கும். இடுப்பு வலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் பின்பக்கம் உட்கார வேண்டும். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி முன்பாவது போட வேண்டும். பாஸ்போர்ட்டும் போனும் ஜிப் கவரில் இருக்கட்டும், தண்ணீர் தெறிக்கும்.

பெட்டிக்குள் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் தாராளமாகப் போகலாம். மது கூடாது, புறப்படும்போது டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலும் கூடாது. பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் ஆகியவற்றுக்கும் தடை. காரின் டாஷ்போர்டில் வைப்பதுபோன்ற சின்னச் சிலை கைப்பையின் மூலையில் கிடக்கிறதா என்று ஒருமுறை கொட்டிப் பாருங்கள். தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவர் சீட்டையும் சேர்த்து வையுங்கள். அங்கே சுவரில் பெரும்பாலும் சதுரத் துளை பிளக். அதில் நம் உருண்டைப் பின் நுழையாது, அடாப்டர் வேண்டும். மக்கள் வாழும் தீவில் நீச்சலுடைக்கென்று ஒதுக்கிய கடற்கரை தவிர மற்ற இடங்களில் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். நாகர்கோவிலிலிருந்து போகும் வழியில் மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். சர்வதேச முனையம் சாக்கை பக்கம். ஓட்டுநர் சங்குமுகம் பக்கம் திருப்பினால் அது உள்நாட்டு முனையம்.

காலை உணவுக்கு மாஸ் ஹுனியைக் கேட்டு வாங்குங்கள்: சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், எலுமிச்சை பிசைந்து மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். தேங்காய் இல்லாமல் சாப்பிடத் தெரியாத நமக்கு அது வீட்டுச் சாப்பாடு.

கன்னியாகுமரி சிப்பிக் கடைப் பழக்கத்தில் பிள்ளைகள் கரையில் கிடப்பதையெல்லாம் பொறுக்குவார்கள். பவளத் துண்டும் ஆமை ஓடும் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. திரும்பும் அன்று காலை அவர்கள் நிக்கர் பையையும் சேர்த்துப் பாருங்கள்.