பலாக்கொட்டையைக் குப்பையில் போடாதீங்க

பண்ருட்டிப் பக்கம் சித்திரை, வைகாசியில் வந்தால் காடாம்புலியூர் வரைக்கும் சாலையோரம் பலாப்பழம் குவிந்து கிடக்கும். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தூக்கி எறிகிறோம். பழத்தின் எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம் அதுதான்! கருவாட்டுக் குழம்பில் போடுவது தெரிந்ததுதான் (அந்த ருசிக்கு ஈடே இல்லை, அது வேறு கதை), ஆனால் ஈரக் கொட்டையில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் சீக்கிரமே முளைவிடும், பூஞ்சை பிடிக்கும், அதனால்தான் மாவாக்கி வையுங்கள் என்கிறேன்.

மேல்தோலை உரித்து, வேகவைத்து, மெல்லிசாக நறுக்கி, ஒடித்தால் படக்கென்று உடையும் வரை காயவைத்து மில்லில் அரைத்தால் போதும். வேகவைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், பச்சைக் கொட்டையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, சூட்டில்தான் அது செயலிழக்கும்.

மாவுச்சத்தோடு புரதமும் நார்ச்சத்தும் உண்டு. குளூட்டன் (கோதுமை மாவைப் பிய்யாமல் இழுவையாகப் பிடித்து வைக்கும் புரதம்) கிடையாது, ஆகவே இதை மட்டும் வைத்துச் சப்பாத்தி போட்டால் பிய்ந்துபோகும். கோதுமை மாவில் கால் பங்கு கலந்தால் சரியாக வரும். என்னைக் கேட்டால் சப்பாத்தியைவிட அடைக்குத்தான் பொருத்தம். அப்புறம், உரித்த தோல், சக்கை எல்லாம் எருக்குழிக்கு.