ஓவர்ஷூட் செய்முறைத் தேர்வு: இரண்டாம் முறை தேறியவன் எழுதுவது

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். போன முறை இதே பவர் சப்ளை செய்முறையில்தான் கோட்டை விட்டேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அன்று 12 வோல்ட், கரண்ட் லிமிட் 20 மில்லி ஆம்பியர் வைத்து, அவுட்புட்டை ஆன் செய்துவிட்டு, சிவப்பு எல்.இ.டி.யின் காலை முனையில் தொட்டேன். பளிச்சென்று ஒரு மின்னல், அதோடு சரி. “லிமிட் வைத்தும் ஏன் போனது?” என்றார் தேர்வாளர். வாயே வரவில்லை.

காரணம், அவுட்புட் முனைகளுக்குக் குறுக்கே இருக்கும் கெபாசிட்டர். லிமிட் அதற்கு முன்னால் உள்ள ரெகுலேட்டரைத்தான் பிடிக்கும். 12 வோல்ட்டுக்கு நிரம்பி நிற்கும் கெபாசிட்டர், தொட்ட நொடியில் அத்தனையையும் எல்.இ.டி.க்குள் கொட்டிவிடும். 470 மைக்ரோஃபாரட் என்றால் ஏறக்குறைய 34 மில்லி ஜூல். அதனால் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: லோடை (கரண்ட் வாங்கும் பொருளை, இங்கே எல்.இ.டி.யை) முதலில் மாட்டுங்கள், வோல்டேஜைக் கீழே இறக்கி வையுங்கள், அதற்கப்புறம்தான் அவுட்புட் பட்டன்.

இந்த முறை வந்தது, சப்ளை சிசியிலிருந்து (கரண்டை மாறாமல் பிடிக்கும் நிலை) சிவிக்கு (வோல்டேஜை மாறாமல் பிடிக்கும் நிலை) மாறும்போது எழும் ஓவர்ஷூட், அதாவது வோல்டேஜ் வைத்த அளவைத் தாண்டி எகிறுவது. 5 வோல்ட், அரை ஆம்பியர், 2 ஓம் லோட். லோடைக் கழற்றியதும் ஆசிலோஸ்கோப் திரையில் கோடு 1 வோல்ட்டிலிருந்து 6.1 வரை ஏறி, மெதுவாகச் சரிந்தது. 22 சதவீதம்.

வைவாவில் “ஏன்?” என்பதற்குத்தான் மார்க். சிசியில் இருக்கும்வரை வோல்டேஜ் எரர் ஆம்ப்ளிஃபயர் (வைத்த வோல்டேஜையும் வெளியே வருவதையும் ஒப்பிடும் சர்க்யூட்), ‘இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்’ என்று ஒரு எல்லையில் போய் முட்டி நிற்கிறது. லோட் போனதும் அது திரும்பி வர நேரமாகும்; அதற்குள் வோல்டேஜ் தாண்டிவிடுகிறது. அதைக் கட்டிப்போட ஒரு கிளாம்ப் டயோடு போட்டால் ஆம்ப்ளிஃபயர் அவ்வளவு தூரம் போகாது. சரிவு ஏன் மெதுவாக இருந்தது? சாதாரண சப்ளை கரண்டைத் தரும், உள்ளே இழுக்காது; அதனால் கெபாசிட்டர் மெல்லத்தான் வடியும். இதை அவர் கேட்கும் முன்பே சொன்னேன், முகம் மலர்ந்தது.

ஸ்கோப்புக்கு:
- சிங்கிள் ட்ரிகர் (ஒரே ஒரு முறை பிடித்து நிறுத்துவது), ஏறும் விளிம்பு, லெவல் 5.3 வோல்ட்.
- ப்ரோப்பிலும் ஸ்கோப்பிலும் ஒரே 10எக்ஸ் (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் அமைப்பு).
- கிரவுண்ட் கம்பி குட்டையாக இருக்கட்டும். நீளமானால் வரும் நடுக்கத்தை ஓவர்ஷூட் என்று எழுதிவிடுவீர்கள்.
- மல்டிமீட்டரில் இது தெரியவே தெரியாது.

நான் நிதானமாகச் செய்கிற ஆள். முதல் 10 நிமிடம் ப்ரோப்பைச் சரிசெய்வதிலேயே போனது. பக்கத்து மேசையில் அதற்குள் இரண்டு ரீடிங் எடுத்துவிட்டார்கள். நான் எடுத்தது மொத்தமே மூன்று, மூன்றும் ஒத்துப்போயின.