பெரியப்பாவின் சினாப்பாங்குக்கு ஓர் இடது கன்னம்

மடக்குத் துப்பாக்கிக்கு மலாயில் 'சினாப்பாங் பாத்தா' என்று பெயர். சினாப்பாங் என்றால் துப்பாக்கி. பாத்தா என்றால் ஒடிந்தது. குழலை மடக்கித் திறந்து தோட்டா போடுவதால் அப்படி. பெரியப்பாவின் சினாப்பாங் போன வருஷம் நிஜமாகவே பாத்தா ஆகிவிட்டது. விசைக்குப் பின்னால், மரக்கட்டையில் கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில், ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

"பசை போட்டு ஒட்டிடலாம்ல?" என்று போனில் கேட்டேன்.

"சுடுற அதிர்ச்சி மொத்தமும் அந்தக் கழுத்துலதான் பாப்பா இறங்கும். புதுக் கட்டைதான் போடணும். நீ கிளம்பி வா, வண்டி ஓட்ட ஆள் வேணும்."

வலக்கண் மங்கியதிலிருந்து அவர் பாலத்தில் கார் ஓட்டுவதில்லை. ஆக, காலையில் கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினேன். சுமார் நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த். இரவு நிபோங் திபாலில் பெரியம்மா கையால் நெத்திலிச் சம்பல். மறுநாள் பசியாறிவிட்டு, பூட்டிய பெட்டியில் துப்பாக்கியும் சட்டைப் பையில் லைசென்சுமாக, 2014-இல் திறந்த இரண்டாவது பாலத்தில் பினாங்குத் தீவுக்குப் போனோம். 24 கிலோமீட்டர். நடுவில் கடலைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. பெரியப்பா தூங்கிவிட்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கியை நான் தொடவே இல்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் அவர் பெயரில் மட்டும்தான். 1971-இல் வந்த இன்னொரு சட்டம் இன்னும் கடுமை: சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தால் 14 வருஷம் வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. படமும் எடுக்கவில்லை. ஆகவே இந்தப் பதிவில் படமில்லை, கோபிக்காதீர்கள்.

துப்பாக்கிக் கடை ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரம். முன்னால் இரும்புக் கதவு, பின்னால் பட்டறை. மர வேலை பார்ப்பவர் நம்மூர் ஆசாரி. முதல் வேலையாகக் குழலை மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரண்டு துளையிலும் பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம் நீட்டி அவரையும் பார்க்கச் சொன்னார். இருவரும் "காலி" என்ற பிறகுதான் மற்றதெல்லாம்.

பழைய கட்டையை அளந்தார். விசையிலிருந்து தோளில் பதியும் இடம் வரை 15 அங்குலம்.

"இது உங்களுக்குச் செஞ்சதில்லையேண்ணே?"

இல்லை. பெரியப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தபோது, ஊருக்குத் திரும்பிப் போன மேனேஜரிடமிருந்து முறைப்படி கைமாறியது. மேனேஜர் ஆறடிக்கு மேல். பெரியப்பா என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். முப்பது வருஷமாகக் கழுத்தை நீட்டியே பன்றி விரட்டியிருக்கிறார்.

இந்த ரகத் துப்பாக்கியில் ரைஃபிள் மாதிரி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் குறி பார்க்கும் பின்குறி கிடையாது. குழல் நுனியில் ஒரு சின்ன மணி, அவ்வளவுதான். சுடுபவரின் கண்தான் பின்குறி. கன்னம் கட்டையில் எங்கே பதிகிறதோ, அங்கே கண். "கன்னத்துல அரை நூல் தப்பினா 16 கஜத்துல ஒரு அங்குலம் தள்ளிப் போயிரும்," என்றார் ஆசாரி. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

இன்னொரு சங்கதி. மேலிருந்து பார்த்தால் கட்டை குழலுக்கு நேர்க்கோட்டில் இருக்காது. வலத்தோளில் வைப்பவருக்கு வலப்பக்கம் ஓரிரு நூல் விலகியிருக்கும், கண் குழலின் நடுவுக்கு வர வேண்டுமே. பெரியப்பாவுக்கு இனி இடக்கண்தான் துணை. அப்படியென்றால் விலகலும் இடப்பக்கம்.

மலிவுப் பலகையில் செய்த ஒரு பொம்மைத் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்து, கண்ணை மூடித் தோளில் ஏற்றச் சொன்னார். வலத்தோளுக்குப் போனது. இன்னொரு தடவை. மறுபடியும் வலம்.

"அண்ணே, அந்தப் பக்கம் வீடு காலி. குடி மாறியாச்சு."

மூன்றாவது தடவை இடத்தோளில் ஏறியது. "கண்ணைத் திறங்க. என்ன தெரியுது?" குழலின் மேல்பட்டை தெரியவில்லை, கட்டை தாழ்ந்திருக்கிறது. கன்னம் படும் இடத்தில் அட்டைத் துண்டு வைத்து டேப் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. கட்டைவிரல் கணுவுக்கும் மூக்குக்கும் நடுவில் தன் விரல்களை நுழைத்துப் பார்த்தார். கடைசியில் நீளம் 13 அங்குலம் 6 நூல், விலகல் 2 நூல் என்று சுவரில் பென்சிலால் எழுதினார். ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிற மாதிரிதான் எனக்கு இருந்தது.

மரம் அக்ரூட். நாம் பருப்பு தின்னும் அதே அக்ரூட்தான். நம் நாட்டுச் செங்கால் மரம் போட்டால் என்ன என்று கேட்டேன். "தூக்கிப் பாருங்க" என்று ஒரு செங்கால் துண்டைக் கையில் வைத்தார். கல். அக்ரூட் எடை குறைவு, அதிர்ச்சியில் லேசில் பிளக்காது, நன்றாகக் காய்ந்துவிட்டால் அவ்வளவாகக் கோணாது. ரேகை அழகைவிட, கழுத்துப் பகுதியில் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா என்பதுதான் முக்கியம். மேனேஜரின் கட்டையில் அங்கே குறுக்காக ஓடியிருந்தது, பிளந்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது துப்பாக்கியின் இரும்புப் பாகம் பொருந்தி உட்கார, அதை மரத்தில் இறக்கும் வேலை. மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் இரும்பைக் காட்டிக் கரி ஏற்றுகிறார். மரத்தில் அழுத்தி எடுக்கிறார். கரி ஒட்டிய புள்ளியை மட்டும் உளியால் தாள் கனத்துக்குச் சீவுகிறார். மறுபடி விளக்கு, மறுபடி அழுத்தம். சின்னப் பிள்ளைக்கு மை இடுகிற பக்குவம். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், இரும்பு ஒரு நூல்கூட இறங்கவில்லை. பசித்தது, நாசி கண்டார் சாப்பிடப் போய்விட்டோம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஈடிஎஸ். ஈரத்துணியால் நனைத்து, எழும்பும் மர ரோமத்தைத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றியிருந்தார். பினாங்கு ஈரத்தில் ஒரு பூச்சு காய்வதற்குள் பொறுமை போய்விடுமாம். கைப்பிடியில் வைரக் கட்டம் கட்டமாக வெட்டு, வியர்த்த கை வழுக்காமலிருக்க.

பெரியப்பா கண்ணை மூடித் தூக்கினார். நேராக இடத்தோள். ஆசாரி ஒன்றும் சொல்லாமல் ரசீது புத்தகத்தைத் தேடினார்.

வீட்டுக்குப் போனதும் பெரியம்மா ரசீதைப் பார்த்துவிட்டார். "பன்னி தோண்டுற மரவள்ளிய இந்தக் காசுக்குச் சந்தையிலயே வாங்கியிருக்கலாம், பத்து வருஷத்துக்கு."

பெரியப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். மெல்லிய துணியை எடுத்து, துடைத்த கட்டையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.