சூடம் ஓடாத தண்ணீர்

தண்ணீர் மேல் சூடத்துண்டு தானாக ஓடும் என்று சின்ன வயதில் பார்த்த ஞாபகம். போன மாதம் சாமி அலமாரியிலிருந்து இரண்டு வில்லையை எடுத்து நொறுக்கித் தாம்பாளத் தண்ணீரில் போட்டேன். செத்த ஈ மாதிரி கிடந்தது. "சாமிக்கு வச்ச சூடத்துல என்னல வெளாட்டு?" என்று ஆச்சியிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

தாம்பாளம் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்றுதான் இருந்தது. குற்றம் என் விரலில். தலைக்குத் தேய்த்த எண்ணெய் விரலில் ஒட்டியிருந்தது போதும். சோப்புத்தூள் போட்டுக் கழுவி, பத்துத் தடவை அலசி, சூடத்தை இடுக்கியால் போட்டேன். என்ன ஓட்டம்! துண்டு கரையும் பக்கம் பரப்பு இழுவிசை (தண்ணீரின் மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கும் விசை) குறைகிறது, எதிர்ப்பக்கத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது. விரல் நுனியை ஓரத்தில் வைத்தேன். அத்தனை துண்டும் சட்டென்று நின்றன.

நிறுத்த எவ்வளவு எண்ணெய் வேண்டும்? இதை 1890இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு அளந்திருக்கிறார்: 84 செ.மீ. அகலத் தொட்டிக்கு 0.81 மில்லிகிராம் ஆலிவ் எண்ணெய். என்னிடம் அப்படிப்பட்ட தராசு இல்லை. பள்ளி இயற்பியலில் படித்த ஒலியிக் அமில வழியைப் பிடித்தேன்: எண்ணெய் வகையைச் சாராயத்தில் நீர்க்கக் கரைத்துச் சொட்டு எண்ணுவது. நல்லெண்ணெய் சாராய வகைகளில் சரியாகக் கரையாது, விளக்கெண்ணெய் கரையும். செல்போன் பழுது பார்க்கும் கடையில் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) கிடைத்தது. இருபதில் ஒரு பங்கு எண்ணெய், அந்தக் கலவையிலும் இருபதில் ஒரு பங்கு என்று கலந்தால் நானூறில் ஒரு பங்கு எண்ணெய். (பக்கத்தில் விளக்கு எரியக் கூடாது.)

வெறும் ஐபிஏ ஒரு சொட்டு விட்டபோது துண்டுகள் விலகி ஓடிவிட்டு, சிறிது நேரத்தில் பழையபடி ஆடின. கலவையில் மூன்றாவது சொட்டுக்குத் தள்ளாட்டம், நான்காவதுக்கு அடக்கம். ஒரு மில்லிக்கு 52 சொட்டு, தாம்பாளம் 40 செ.மீ. கணக்குப் போட்டால் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சுமார் ஒன்றரை நானோமீட்டர். ரேலியின் அளவைத் தடிமனாக்கினாலும் ஏறக்குறைய அதேதான். சொட்டு எண்ணியதில் பிழை இருக்கும், வேறு எண்ணெயும்கூட. இவ்வளவு பொருந்தியதை நானே முழுதாக நம்பவில்லை.

பிறகு தாமிரபரணியின் குறுக்குத்துறையிலிருந்து ஒரு கேன் ஆற்றுத் தண்ணீர். படித்துறை ஓரமாக மேலாகவே மொண்டு வந்தேன். சூடம் அசையவே இல்லை. ஆச்சி எட்டிப் பார்த்து, "மேத்தண்ணிய கையால தள்ளிவிட்டுட்டுல்லா மோரணும், எண்ணெயும் சோப்பும் அங்கனதான நிக்கும்" என்றாள். மறுநாள் அப்படியே தள்ளிவிட்டு, கேனை முழங்கை ஆழத்தில் அமுக்கித் திறந்தேன். கொஞ்சம் மந்தம்தான், ஆனால் ஓடியது.

ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் வீட்டுச் சமையலறையில் செய்ததும் இதுதான்: தொட்டி நிறையத் தண்ணீர், குறுக்கே ஒரு தகரப்பட்டை, அதை நகர்த்தி மேற்பரப்பைத் துடைப்பது. அவர் தனக்கு எழுதிய கடிதத்தை ரேலிதான் 1891இல் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி வெளிவரச் செய்தார்.

வட்டத் தாம்பாளத்தில் பட்டை ஓரங்களில் ஒழுகிவிடுகிறது. தகரக் கடையில் நீளச் சதுரமாக ஒரு தட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். சூடத்துக்கு மட்டும் இந்தத் தடவை தனி டப்பா.